குரூஸர் மோட்டார் சைக்கிளின் அமர்வும் தோற்றமும்: திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் வரை

குரூஸர் என்பது மோட்டார் சைக்கிள் வகைகளில் ஒன்று. தாழ்ந்த இருக்கை, ஓட்டுபவரை நோக்கிப் பின்வளைந்த ஹேண்டில்பார், முன்தள்ளி அமைந்த ஃபுட்ரெஸ்ட் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்தியாவில் ஓடும் குரூஸர்களில் பெரும்பாலானவை 350 சிசிக்கு உட்பட்ட சிறிய எஞ்சின் கொண்டவை. இவ்வகை வண்டியின் அமர்வையும் தோற்றத்தையும் உரிமையாளரின் உடலுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழக்கம் முதலில் பட்டறைகளில் வளர்ந்தது. பிறகு அது படிப்படியாக ஆலைக்குள் சென்றது. தமிழ்நாட்டில் இந்த இடமாற்றத்தின் ஒரு முனை வடசென்னையின் திருவொற்றியூர். மறு முனை காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம். ஓட்டுபவர் வண்டியில் எப்படி உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்பவர் உரிமையாளரா, ஆலையா, சட்டமா என்னும் கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது.

அமர்வு முக்கோணம்

மோட்டார் சைக்கிளில் உடல் மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது. கை ஹேண்டில்பாரிலும், இடுப்பு இருக்கையிலும், கால் ஃபுட்ரெஸ்ட்டிலும் இருக்கின்றன. இந்த மூன்று புள்ளிகளையும் இணைத்தால் கிடைப்பது அமர்வு முக்கோணம். பந்தய வண்டியில் ஹேண்டில்பார் தாழ்ந்தும் ஃபுட்ரெஸ்ட் பின்தள்ளியும் இருக்கும். உடல் முன்னால் குனியும். சாதாரண வண்டியில் முதுகு நிமிர்ந்து, பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர்கீழே இருக்கும். குரூஸரில் இருக்கை தாழ்ந்து, கை உயர்ந்து, கால் முன்னால் நீளும்.

முக்கோணத்தின் ஒரு புள்ளி நகர்ந்தால் மற்ற இரண்டின் பணியும் மாறும். கால் முன்னே சென்றால் முழங்கால் மடக்கம் குறைந்து நீண்ட பயணத்தில் இதமாக இருக்கும். ஆனால் உடலின் எடை முழுவதும் இருக்கையில் இறங்கும். வேகத்தடையையோ பள்ளத்தையோ கடக்கும்போது ஃபுட்ரெஸ்ட்டை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்வது கடினம். அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குச் செல்லும். ஹேண்டில்பார் தோளுக்கு மேல் உயர்ந்தால் கை மரத்துப்போகும். உயரமான இந்த வகை ஹேண்டில்பாரை அமெரிக்கர்கள் குரங்கு தொங்குவதோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தனர். அங்கு சில மாநிலங்கள் கைப்பிடியின் உயரத்துக்குச் சட்ட வரம்பும் வைத்தன.

முன்சக்கர ஃபோர்க்கின் சாய்வும் இதனுடன் சேர்ந்தது. ஹேண்டில் திரும்பும் அச்சு செங்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்பது ரேக். அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் டிரெயில். ரேக் கூடும்போது பொதுவாக டிரெயிலும் கூடும். வண்டி நேர்ச்சாலையில் அலையாமல் செல்லும், ஆனால் சந்துகளிலும் நெரிசலிலும் திருப்புவதற்குக் கனக்கும். ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்த வண்டி நெடுஞ்சாலையில் சொகுசாகவும் கடைவீதியில் தொல்லையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்க முன்கதை

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஹார்லி-டேவிட்சன் போன்ற கனத்த வண்டிகளின் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை வெட்டிக் குறுக்கி எடையைக் குறைக்கும் வழக்கம் பரவியது. இவ்வாறு குறைக்கப்பட்ட வண்டி பாபர் எனப்பட்டது. 1960களில் கலிஃபோர்னியாவில் அடுத்த கட்டம் வந்தது. சேசிஸையே வெட்டி, ஃபோர்க்கை நீட்டி, ஹேண்டில்பாரை உயர்த்தினர். வெட்டுதல் என்னும் பொருள்பட அது சாப்பர் என்று பெயர் பெற்றது.

1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' திரைப்படம் சாப்பரை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. அதில் வரும் வண்டிகளை உருவாக்கியதில் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்னும் இரு ஆப்பிரிக்க-அமெரிக்கர்களுக்கு முக்கியப் பங்கு இருந்தது. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் இடம்பெறவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அவர்களின் பங்கு பரவலாகப் பேசப்பட்டது.

1971இல் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் சூப்பர் கிளைடு என்னும் வண்டியை வெளியிட்டது. வில்லி ஜி. டேவிட்சன் வடிவமைத்த இந்த வண்டி, நிறுவனத்தின் பெரிய வண்டியின் சேசிஸில் சிறிய ஸ்போர்ட்ஸ்டரின் மெலிந்த முன்பகுதியைப் பொருத்தியது. பட்டறைகளில் உரிமையாளர்கள் செய்துவந்ததை ஆலையே செய்து விற்ற முதல் முக்கிய முயற்சிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஜப்பானிய நிறுவனங்கள் இந்தத் தோற்றத்தைச் சிறிய எஞ்சினுக்கும் கொண்டுவந்தன. 1985இல் வந்த ஹோண்டா ரெபெல் 250 அவற்றில் நன்கு அறியப்பட்டது. பட்டறை கண்டுபிடித்ததை ஆலை எடுத்துக்கொள்ளும் இந்த ஒழுங்கு பின்னர் இந்தியாவிலும் நிகழ்ந்தது.

திருவொற்றியூரும் புல்லட்டும்

இந்தியாவில் மாற்றியமைப்புக்கு அடிப்படையாக அமைந்த வண்டி புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932 முதல் இந்தப் பெயரைப் பயன்படுத்தியது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிப்பாகங்களைக் கோத்தே வண்டி தயாரானது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து வந்தது.

புல்லட் குரூஸர் அல்ல. அதன் அமர்வு நிமிர்ந்தது. கியர் வலது காலிலும் பின்பிரேக் இடது காலிலும் இருந்தன. 2000களின் இறுதியில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் வந்த பிறகே கியர் முழுமையாக இடது காலுக்கு மாறியது. பழைய வண்டியில் பழகியவர்களுக்கு இதுவே பெரிய அமர்வு மாற்றமாக இருந்தது.

அமெரிக்க உரிமையாளர் வண்டியிலிருந்து பாகங்களைக் கழற்றினார். இந்திய உரிமையாளர் பாகங்களைச் சேர்த்தார். லெக் கார்டு, சேலை கார்டு, பக்கவாட்டு இரும்புப் பெட்டி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, அகன்ற இருக்கை ஆகியவை புல்லட்டில் ஏறின. வண்டி ஒருவரின் உல்லாசத்துக்கானதாக இல்லாமல் குடும்பத்தின் வாகனமாக இருந்ததே இதற்குக் காரணம். சேலை அணிந்து ஒருபக்கமாக உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க வேண்டும். இந்தத் தேவை பின்னர் சட்டத்திலும் இடம்பெற்றது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளில் நிரந்தரக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. சாப்பர் தோற்றத்துக்காக முதலில் கழற்றப்படுபவையும் இவையே.

சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்

சென்னையில் வண்டியின் அமர்வை வெட்டி மாற்றும் தொழிலறிவு பந்தயத்தின் வழியாகவும் வளர்ந்தது. உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் 1950களிலிருந்து மோட்டார் பந்தயங்கள் நடந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. சாலையில் ஓடிய வண்டிகளே பந்தயத்துக்கு மாற்றப்பட்டன. ஹேண்டில்பார் தாழ்ந்தது, ஃபுட்ரெஸ்ட் பின்னே சென்றது, தேவையற்ற எடை கழன்றது. அமர்வு குரூஸருக்கு நேர் எதிரானது. ஆனால் குழாய் வளைப்பது, பற்றவைப்பது, கேபிளின் நீளத்தை மாற்றுவது ஆகிய வேலைகள் இரண்டுக்கும் பொது.

1990இல் கிளப்பின் சொந்தப் பந்தயத் தடம் இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்டது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் உள்ள இப்பகுதி அப்போது பெரும்பாலும் ஏரிப் பாசன வேளாண் நிலம். 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி அருகிலுள்ள பென்னலூரில் இயங்குகிறது. வாகனப் பொறியியலும் அங்கு கற்பிக்கப்படுகிறது. 1990களின் பிற்பகுதியில் ஹூண்டாய் கார் ஆலை இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அதன் பின் உதிரிப்பாக ஆலைகள் சூழ்ந்தன. வண்டியை வேகத்துக்காக மாற்றும் பந்தயத் தடமும், ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலையும், இரண்டின் கணக்கையும் கற்பிக்கும் வகுப்பறையும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்தன.

பட்டறைகளின் காலம்

சென்னையில் மாற்றியமைப்புக்கான பொருட்கள் இரண்டு இடங்களில் கிடைத்தன. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்தெடுத்த பாகங்கள் விற்கப்பட்டன. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிகளும் அலங்காரப் பொருட்களும் கிடைத்தன. 'ஜி.பி. ரோடு' என்னும் சுருக்கப் பெயரே வழக்கில் நிலைத்தது.

மாற்றியமைப்பு ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஹேண்டில்பாருக்கான குழாயை வளைப்பவர், பற்றவைப்பவர், லேத் பட்டறைக்காரர், தகரவேலை செய்யும் டிங்கர், பெயின்டர், முலாம் பூசுபவர், ரெக்ஸின் தைக்கும் சீட் கடைக்காரர் என்று பல கைகள் சேர்ந்தே ஒரு வண்டி உருமாறியது. உரிமையாளரை வண்டியில் உட்காரவைத்து, முழங்கை எங்கே வருகிறது, குதிகால் தரையைத் தொடுகிறதா என்று பார்த்து அளவு எடுப்பது இத்தொழிலின் மையம். தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பதைப் போன்றது அது. குள்ளமானவருக்கு இருக்கையின் ஃபோம் செதுக்கப்பட்டது. உயரமானவருக்கு ஹேண்டில்பார் உயர்த்தப்பட்டது. முதுகுவலிக்காரருக்கு முதுகுத்தாங்கி வைக்கப்பட்டது.

இந்த முறையின் குறைகளும் அதே அளவு உண்மையானவை. ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டுப் பழைய நீளத்திலேயே ஆக்சிலரேட்டர் கேபிளை விட்டால், ஹேண்டிலை முழுவதும் திருப்பும்போது கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக வேகமெடுக்கும். ஃபுட்ரெஸ்ட்டை முன்னே தள்ளினால் பின்பிரேக்கின் இணைப்புத் தண்டை நீட்ட வேண்டும். நெம்புகோல் விகிதம் தவறினால் பிரேக்கின் வலு குறையும். செதுக்கிய ஃபோம் உயரத்தைக் குறைத்தாலும் மெத்தென்ற தாங்கலையும் குறைக்கும். அகன்ற டயரைப் பொருத்தினால் செயின் உரசும். சேசிஸில் பற்றவைத்த இடம் வெப்பத்தால் வலுவிழந்து, மாதங்கள் கழித்து விரிசல் விடக்கூடும். பட்டறையில் உடலின் அளவு துல்லியமாக எடுக்கப்பட்டது. உலோகத்தின் களைப்பை அளக்க அங்கு கருவி இல்லை.

ஆலையில் பிறந்த சிறிய குரூஸர்கள்

2001இல் பஜாஜ் ஆட்டோ, கவாசாகியின் கூட்டில் எலிமினேட்டர் 175 வண்டியை வெளியிட்டது. இந்தியச் சந்தையில் குரூஸர் அமர்வைத் தெளிவாக முன்வைத்த முதல் சிறிய வண்டிகளில் இது ஒன்று. யமஹாவின் 125 சிசி என்டைசரும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. எலிமினேட்டரின் விலை பலருக்கு எட்டவில்லை. 2005இல் பஜாஜ் அதன் சேசிஸில் பல்சர் 180இன் எஞ்சினைப் பொருத்தி அவெஞ்சர் என்னும் பெயரில் விற்றது. அவெஞ்சர் நிலைபெற்றது. அதன் இருக்கை தரையிலிருந்து 737 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. சராசரிக்கும் குறைவான உயரம் கொண்டவர்கள் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நிறுத்தக்கூடிய வண்டியாக அது பெயர் பெற்றது.

திருவொற்றியூரில் என்ஃபீல்டு நிறுவனம் 1990களில் ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் லைட்னிங் 535 என்னும் குரூஸர் வந்தது. அதிகம் விற்கவில்லை. 2002இல் வந்த தண்டர்பேர்டு 350 வெற்றி பெற்றது. துளி வடிவ டேங்க், உயர்ந்த ஹேண்டில்பார், ஓட்டுபவருக்குத் தாழ்ந்தும் பின்னிருப்பவருக்கு உயர்ந்தும் படிபோல் அமைந்த இருக்கை ஆகியவை அதன் அடையாளங்கள். புல்லட்டில் பட்டறைகள் செய்துவந்த மாற்றங்களின் சாயலை வாங்கும் நாளிலேயே தந்த வண்டி இது. 2012இல் வந்த புதிய தண்டர்பேர்டு 20 லிட்டர் டேங்கையும், கழற்றக்கூடிய பின்னிருக்கையையும் கொண்டிருந்தது.

2015இல் பஜாஜ் அவெஞ்சரை இரண்டாகப் பிரித்தது. ஒரே சேசிஸும் 220 சிசி எஞ்சினும் கொண்ட க்ரூஸ், ஸ்ட்ரீட் என்னும் இரு வண்டிகள் வந்தன. க்ரூஸில் உயர்ந்த ஹேண்டில்பாரும் குரோம் பூச்சும் இருந்தன. ஸ்ட்ரீட்டில் தட்டையான ஹேண்டில்பாரும் கறுப்புப் பூச்சும் இருந்தன. அமர்வு முக்கோணத்தின் ஒரு புள்ளியையும் நிறத்தையும் மாற்றியே இரு வகை வாங்குபவர்களை அடையலாம் என்பதை இது காட்டியது.

2000களின் பிற்பகுதியிலிருந்து தனிப்பட்டறைகளும் நிறுவன வடிவம் பெற்றன. மும்பையின் வர்தெஞ்சி, ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ் போன்றவை பெயர் பெற்றன. இவை பெரும்பாலும் என்ஃபீல்டு வண்டிகளையே அடிப்படையாகக் கொண்டன. எளிய கார்புரேட்டர், குறைவான மின்கம்பிகள், தனித்தனியாகக் கழற்றக்கூடிய பாகங்கள் ஆகியவை பழைய புல்லட்டைக் கைவினைக்கு உகந்ததாக்கின.

ஒரகடமும் வல்லம் வடகாலும்

2010இல் ராயல் என்ஃபீல்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் வண்டிகளையே விற்றது. வாங்குபவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். நெரிசலான திருவொற்றியூரில் விரிவாக்கத்துக்கு இடமில்லை. 2013இல் ஒரகடம் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014இல் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது. 2017இல் வல்லம் வடகாலிலும் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே வல்லம் வடகாலில் 2015 முதல் யமஹாவின் ஆலையும் உள்ளது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கான மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் அமைந்தது.

உற்பத்தி பெருகியபோது ஒரு முரண் தோன்றியது. அரிதாக இருந்த புல்லட் தெருவுக்குத் தெரு நின்றது. தனித்தன்மைக்காக அதை வாங்கியவர்கள் தம் வண்டியை வேறுபடுத்திக்கொள்ள விரும்பினர். 2018இல் வந்த தண்டர்பேர்டு எக்ஸ் இந்தத் தேவைக்கு ஆலை அளித்த பதில்களில் ஒன்று. அதில் தட்டையான ஹேண்டில்பாரும், ஒரே துண்டாலான இருக்கையும், பளிச்சென்ற நிற டேங்கும், அலாய் சக்கரமும், டியூப் இல்லாத டயரும் இருந்தன. இவை ஒவ்வொன்றும் அதுவரை உரிமையாளர்கள் வெளியில் வாங்கிப் பொருத்தியவை.

2020 நவம்பரில் தண்டர்பேர்டுக்குப் பதிலாக மீட்டியோர் 350 வந்தது. 349 சிசி எஞ்சின், 191 கிலோ எடை, 765 மில்லிமீட்டர் இருக்கை உயரம், முன்தள்ளிய ஃபுட்ரெஸ்ட் ஆகியவற்றைக் கொண்ட இந்த வண்டியைச் சென்னையிலும் இங்கிலாந்திலும் உள்ள தொழில்நுட்ப மையங்கள் உருவாக்கின. மறு ஆண்டு வந்த புதிய கிளாசிக் 350இன் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரே எஞ்சினைக் கொண்ட இரு வண்டிகளுக்கிடையே நான்கு விரல்கடை வேறுபாடு இல்லை என்றாலும், குட்டையானவருக்கு அது நுனிக்காலில் நிற்பதற்கும் பாதம் ஊன்றி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

மீட்டியோர் வந்த அதே ஆண்டில், வாங்குபவர் கைபேசியிலேயே நிறம், இருக்கை, காற்றுத்தடுப்பு, கண்ணாடி போன்றவற்றைத் தேர்ந்தெடுத்து வண்டியை முப்பரிமாணத்தில் பார்க்கும் வசதியை நிறுவனம் தொடங்கியது. ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிச் செய்த வேலை, பதிவு செய்யும்போதே முடியும் வேலையாக மாறியது.

பெரிய வண்டிகளில் இது மேலும் சென்றது. 2024இல் விற்பனைக்கு வந்த ஷாட்கன் 650, பின்னிருக்கையைத் தாங்கும் சட்டத்தோடு கழற்றி ஒற்றை இருக்கை வண்டியாக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கோவன் கிளாசிக் 350 வந்தது. உயர்ந்த ஹேண்டில்பார், தொங்குவதுபோல் தோன்றும் தாழ்ந்த இருக்கை, வெள்ளை விளிம்பு டயர் ஆகியவற்றைக் கொண்ட பாபர் இது. கோவாவில் வெட்டிக் குறுக்கிய புல்லட்களின் பாணியை அதன் பெயரும் தோற்றமும் நினைவூட்டுகின்றன. பட்டறையின் கைவேலை, ஆலையின் விலைப்பட்டியலில் ஒரு வண்டியாக இடம்பெற்றது.

சட்டத்தின் எல்லை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு மாற்றியமைப்பைப் பற்றியது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது.

பதிவுச் சான்றிதழில் என்னென்ன எழுதப்பட்டுள்ளன என்பதைப் பார்த்தால் இதன் வீச்சு புரியும். நிறம், எஞ்சின் எண், சேசிஸ் எண், எடை, இரு சக்கரங்களின் அச்சுகளுக்கிடையிலான தூரம், இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் உள்ளன. ஃபோர்க்கைச் சாய்த்து நீட்டினால் அச்சுத் தூரம் மாறிவிடும். பின்னிருக்கையை வெட்டி எறிந்தால் இருக்கை எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும். சாப்பரின் அடிப்படை வேலை இரண்டும் சான்றிதழோடு மோதுகின்றன. நிறமாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். ஹேண்டில்பாரின் வளைவும் இருக்கை ஃபோமின் கனமும் சான்றிதழில் எழுதப்படுவதில்லை. அவற்றின் நிலை தெளிவற்றதாக, சோதனையிடும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்ததாக உள்ளது. சாலையில் அதிகம் பிடிபடுவது அமர்வு மாற்றம் அல்ல. பஞ்சாபி, கோல்டு ஸ்டார் போன்ற பெயர்களில் விற்கப்படும் ஓசை மிகுந்த சைலன்சர்களே.

தொழில்நுட்பமும் இதே திசையில் சென்றது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. கார்புரேட்டர் போய், உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட எரிபொருள் செலுத்தி வந்தது. ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டுமானால் பிரேக் திரவக் குழாயையும் மின்கம்பிக் கொத்தையும் நீட்டியாக வேண்டும். சைலன்சரை மாற்றினால் எரிபொருள் கணக்கு பிசகும். ஸ்பானரும் வெல்டிங்கும் மட்டும் அறிந்த பட்டறைக்கு இது எளிதல்ல.

உடலின் தேவைக்காகச் செய்யும் ஒரு மாற்றத்தை மட்டும் சட்டம் வெளிப்படையாக ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகத் தகவமைத்த வண்டிகளுக்கு அதில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை அவர்களுக்கு வழங்கிவருகிறது. வண்டி உடலுக்கு ஏற்ப மாற வேண்டும் என்னும் கொள்கையை அரசு இங்கே ஒப்புக்கொண்டுள்ளது.

பெற்றதும் இழந்ததும்

ஆலைக்குள் சென்றதால் மாற்றியமைப்பு பாதுகாப்பைப் பெற்றது. ஆலை தரும் ஹேண்டில்பார் கேபிளின் நீளத்தோடு சேர்த்து வடிவமைக்கப்படுகிறது. புதிய வண்டி வகை சோதனைகளைக் கடந்து அங்கீகாரம் பெற்றே விற்பனைக்கு வருகிறது. உத்தரவாதமும் காப்பீடும் சிக்கலின்றிக் கிடைக்கின்றன. பட்டறையில் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.

இழந்தது அளவெடுத்தல். ஆலையின் பட்டியலில் இரண்டு இருக்கைகள், இரண்டு ஹேண்டில்பார்கள் இருக்கலாம். அவற்றில் எதுவும் பொருந்தாத உடலுக்குப் பட்டியலில் இடமில்லை. ஐந்தடிக்கும் குறைந்த பெண்ணோ, முழங்காலை முழுவதும் மடக்க முடியாதவரோ, மாற்றுத்திறனாளி என்னும் சான்று இல்லாதவரோ இன்றும் ரெக்ஸின் தைக்கும் கடையைத்தான் தேடிச் செல்கின்றனர். சட்டம் தெளிவாகப் பேசாத அந்தச் சிறு இடைவெளியில்தான் அளவெடுக்கும் தொழில் மிச்சமிருக்கிறது.

பென்னலூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இந்த வரலாற்றின் எல்லாக் கட்டங்களும் ஒருசேர ஓடுகின்றன. லெக் கார்டும் இரும்புப் பெட்டியும் வைத்த பழைய புல்லட், படி இருக்கை கொண்ட தண்டர்பேர்டு, கறுப்பு அவெஞ்சர், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலிருந்து லாரியில் அடுக்கிச் செல்லும் புது வண்டிகள் ஆகியவை அதில் அடுத்தடுத்துக் கடக்கின்றன. லாரியில் செல்பவை எல்லாம் ஒரே அளவில் செய்யப்பட்டவை. அவற்றில் சில, ஊர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், ஏதோ ஒரு சீட் கடையின் வாசலில் ஃபோம் செதுக்குவதற்காக நிற்கும்.